"குடிச்சிருந்தானா?"

கேஷுவாலிட்டிக்கு விபத்து கேஸ் வந்ததும் ஸ்ட்ரெச்சரைச் சுத்தி நிக்கிறவங்க முதல்ல கேட்கிறது "பொழைச்சுக்குவானா"ன்னு இல்ல. "குடிச்சிருந்தானா? ஹெல்மெட் போட்டிருந்தானா?" தப்பு அவன் மேலன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் ஒரு ஆசுவாசம். அப்போ நமக்கு இது நடக்காது, இல்லையா?

போருக்கு எதிரா மாணவர்கள் தெருவுக்கு வந்தாலே "போய் படிங்கடா"ன்னு கமென்ட் போடறவங்களுக்காக ஒரு பழைய கேஸ் ஷீட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1970 ஏப்ரல் 30. வியட்நாமிலிருந்து படைகளைக் குறைச்சுக்கிட்டு வர்றோம்னு சொல்லிட்டிருந்த அதிபர் நிக்சன், கம்போடியாவுக்குள்ளயும் படை போகுதுன்னு டிவியில் அறிவிச்சார். அமெரிக்கக் கல்லூரிகள் கொதிச்சுது. ஓஹையோ மாநிலம் கென்ட் ஊர்ல கடைக் கண்ணாடிகள் உடைஞ்சுது. அங்க இருக்கிற கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்துல ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிஞ்சுது. இதை நான் மறைக்கல. ஊர்க்காரங்க பயந்ததும் நிஜம்.

மே 4 மதியம், நேஷனல் கார்டு வீரர்கள் 13 விநாடியில 67 ரவுண்டு சுட்டாங்க. 4 மாணவர்கள் சாவு, 9 பேருக்குக் காயம். செத்தவங்கள்ல ரொம்பப் பக்கத்துல நின்ன பையனே சுமார் 80 மீட்டர் தள்ளி இருந்தான். ரெண்டு பேர் போராட்டத்துலயே இல்ல. அதுல ஒருத்தர், ராணுவ அதிகாரி பயிற்சியில இருந்த மாணவர்!

அடுத்து கேலப் கருத்துக்கணிப்பு. தப்பு மாணவர்கள் மேலன்னு சொன்னவங்க 58 சதவீதம். சுட்டவங்க மேலன்னு சொன்னவங்க 11.

செத்த பொண்ணுங்க உடம்புல பேன் மொய்ச்சுது, பால்வினை நோய் இருந்துச்சு, கர்ப்பமா இருந்தாங்கன்னு ஊருக்குள்ள வதந்தி ஓடுச்சு. டாக்டரா எனக்கு ரொம்ப உறுத்துறது இதுதான். செத்தது குண்டடியில. அது போதாம, பிணத்துக்கு நோய் ஒட்ட வெச்சாங்க. முதுகுல குண்டு பாஞ்சு இடுப்புக்குக் கீழ செயலிழந்த மாணவனுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த தபால்ல, நீ செத்திருக்கணும்னு எழுதினதும் இருந்துச்சு.

நாலே நாள்ல நியூயார்க்ல கட்டடத் தொழிலாளிங்க மாணவர்களை அடிச்சு நொறுக்கினாங்க. காயம்பட்டவங்களுக்கு டிரினிட்டி சர்ச்சில முதலுதவி நடந்துட்டிருந்துச்சு. அங்க தொங்கின செஞ்சிலுவைக் கொடியையும் பிச்சு எறிஞ்சாங்க. (தாமஸ், ஸ்டீபன்னு பேர் வெச்சுக்கிட்டு சர்ச் வாசல்ல!)

அந்தத் தொழிலாளிங்க கோபம் எனக்குப் புரியாம இல்ல. காலேஜ்ல படிக்கிறவனுக்குக் கட்டாய ராணுவ சேவை தள்ளிப்போகும். அவங்க பிள்ளைங்கதான் போர்க்களத்துக்குப் போனாங்க. ஆனா அனுப்பினது மாணவங்க இல்லையே. போதும், அனுப்பாதீங்கன்னு கத்தினவங்க மேலயா அந்தக் கை விழணும்?

அதே வருஷம், நிக்சனே நியமிச்ச விசாரணைக் குழு அந்தத் துப்பாக்கிச்சூடு தேவையில்லாதது, மன்னிக்க முடியாததுன்னு எழுதுச்சு. மாநில கிராண்ட் ஜூரி 25 பேர் மேல குற்றம் சாட்டுச்சு. பெரும்பாலும் மாணவங்க. சுட்டவங்கள்ல ஒருத்தர் பேர்கூட அதுல இல்ல.

மாற்றுக் கருத்து இருந்தா எழுதுங்க. இன்னிக்கு நைட் டியூட்டி, காலையில பதில் போடறேன்.