சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

கால் பணத்துக்குச் சுண்டைக்காய் வாங்கி, அதை வீட்டுக்குச் சுமந்து வர முக்கால் பணம் கூலி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மென்பொருள் வாங்கும் பலர் செய்வதும் இதுதான். என்ன, சுண்டைக்காயின் விலை விளம்பரத்தில் பளிச்சென்று தெரியும். சுமைகூலி மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது!

இதற்கு ஒரு நல்ல உதாரணம் மைக்ரோசாஃப்ட் விசியோ. கட்டம், சாய்சதுரம், அம்புக்குறி போட்டு, ஒரு வேலை எங்கே தொடங்கி எப்படிப் போய் எங்கே முடிகிறது என்று காட்டும் ஃப்ளோசார்ட் வகைப் படங்களை வரைய உதவும் மென்பொருள் இது. கையில் பழைய பதிப்பு ஒன்று இருக்கிறது. புதியது வந்திருக்கிறது. காசு கொடுத்து மாறலாமா, வேண்டாமா? கேள்வி சின்னதுதான். ஆனால் இதைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் செயல்முறைப் படம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அன்று அதற்குத் தேவைப்பட்டது தாளும் பென்சிலும்தான். சியாட்டிலில் இருந்த ஷேப்வேர் என்ற நிறுவனம் 1992-இல் விசியோவை வெளியிட்டது. பிறகு அந்த நிறுவனமே விசியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2000-இல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. அதன் பிறகு 2002, 2003, 2007, 2010, 2013, 2016, 2019, 2021, 2024 என்று ஒன்பது பதிப்புகள் வந்துவிட்டன. ஒன்று கவனியுங்கள். ஒன்பது பதிப்புகள் மாறியும் சாய்சதுரம் இன்னும் சாய்சதுரமாகத்தான் இருக்கிறது!

இனி ஓர் ஆடிட்டர் ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆடிட்டர், இரண்டு உதவியாளர்கள், ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் மாணவர்கள் மூன்று பேர். வாடிக்கையாளர் கம்பெனியில் கொள்முதல் எப்படி நடக்கிறது, ஆர்டர் போடுவது யார், சரக்கைச் சரிபார்ப்பது யார், பில்லை அனுமதிப்பது யார், செக்கில் கையெழுத்துப் போடுவது யார் என்று படம் போட்டுப் பார்ப்பது தணிக்கையில் பழைய வழக்கம். ஆர்டர் போடுபவரே பில்லையும் அனுமதித்தால் அது படத்தில் உடனே கண்ணில் படும். இந்த ஆபீஸில் விசியோ 2016 இருக்கிறது. மாதத்துக்கு நாலைந்து படம். புதிய பதிப்புக்கு மாற வேண்டுமா?

ஆடிட்டர் ஆபீஸ் ஆயிற்றே, கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். விசியோ 2021 வந்தபோது அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு பதிப்பின் பட்டியல் விலை சுமார் 310 டாலர், புரொஃபஷனல் சுமார் 580 டாலர். ஒரே தடவை கட்டினால் போதும். கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளையும் தரும் சந்தாவான பிளான் 2, ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆளுக்கு அப்போது மாதம் 15 டாலராக இருந்தது. 310-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மாதம். 580-ஐ வகுத்தால் 39 மாதம். அதாவது ஸ்டாண்டர்டே போதும் என்பவர் இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்தினால் மொத்தமாக வாங்குவது லாபம். ஒரு வருட வேலைக்கு மட்டும் வேண்டுமென்றால் சந்தா லாபம். விலைகள் மாறலாம், வகுத்தல் கணக்கு மாறாது.

வரிக் கணக்கும் இதில் உண்டு. நிரந்தர உரிமம் ஒரு சொத்து. அதற்குத் தேய்மானம்தான் கழிக்க முடியும். கணினிக்கும் மென்பொருளுக்கும் 60 சதவீதமாக இருந்த தேய்மான விகிதம் 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சந்தா வருவாய்ச் செலவு. கட்டிய ஆண்டிலேயே முழுவதும் கழிந்துவிடும். ஆனால் வரி மிச்சமாகிறது என்பதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்குவது, தள்ளுபடி கிடைக்கிறது என்பதற்காக ஆடி மாதத்தில் பத்துப் புடவை வாங்குவது போலத்தான்.

இதுவரை பார்த்தது சுண்டைக்காயின் விலை. சுமைகூலிக்கு வருவோம்.

2007 பதிப்பு வரை விசியோவில் பழைய மெனுக்கள்தான் இருந்தன. 2010-இல் ரிப்பன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தவர்கள், இருந்த பொத்தான் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதாயிற்று. ஆறு பேர் இப்படி ஆளுக்கு இரண்டு மணி நேரம் தேடினாலே பன்னிரண்டு மணி நேரம் போய்விடும். அதற்கும் சம்பளம் உண்டல்லவா? இந்தச் செலவு எந்த பில்லிலும் வராது.

அடுத்தது கோப்பு வடிவம். 2013 பதிப்பில் வி.எஸ்.டி. என்ற பழைய வடிவத்துக்குப் பதிலாக வி.எஸ்.டி.எக்ஸ். என்ற புதிய வடிவம் வந்தது. அதில் சேமித்த படத்தை 2007 வைத்திருந்தவர் திறக்க முடியாது. புதியதை வைத்திருப்பவர் மறக்காமல் பழைய வடிவத்தில் சேமித்து அனுப்பினால்தான் உண்டு. யார் தினமும் அப்படி நினைவு வைத்துச் செய்வார்கள்? விளைவு, ஒருவர் மாறினால் பக்கத்தில் இருப்பவரும் மாற வேண்டியிருக்கிறது. அவருக்குப் புதிய வசதி எதுவும் தேவையில்லை. வந்த படத்தைத் திறந்தால் போதும். அதற்குத்தான் அவர் பணம் கட்டுகிறார்! புதிய பதிப்புகளை விற்றுத் தருவது புதிய வசதிகளைவிட இந்த நெருக்கடிதான் என்று சொன்னால் அது மிகையல்ல.

"ஏற்கெனவே விசியோவுக்கு இவ்வளவு பணம் கொட்டியாயிற்று, இப்போது நிறுத்தினால் அதெல்லாம் வீண்தானே?" என்று சிலர் கேட்பார்கள். வணிகவியல் வகுப்பில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். 2016-இல் கட்டிய பணம், இன்று எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை. வராத பணத்தை முடிவுக்குள் இழுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். இனிமேல் கட்டப்போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதலாகக் கிடைக்கும் பயன் என்ன? அதே ரூபாயை வேறெங்கே போட்டால் அதைவிட நல்ல பயன் கிடைக்கும்? முதலாவது இறுதிநிலைப் பயன்பாடு, இரண்டாவது வாய்ப்புச் செலவு. அந்த ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையும் அதே பெட்டியிலிருந்துதான் வருகிறது. யாரும் பார்க்காத ஒரு வசதிக்காக அந்தப் பெட்டி காலியாகக் கூடாது.

இலவசமாக எதுவும் இல்லையா? இருக்கிறது. டிரா.ஐஓ இணைய உலாவியிலேயே வேலை செய்யும்; கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவமும் உண்டு. வி.எஸ்.டி.எக்ஸ். கோப்பைத் திறந்து காட்டும். லிப்ரே ஆபீஸின் டிரா மென்பொருளும் 2012-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து விசியோ கோப்புகளைத் திறக்கிறது. திரும்ப அதே வடிவத்தில் சேமிக்க மட்டும் தெரியாது. இவையும் முற்றிலும் ஓசி அல்ல. சிக்கலான படத்தில் கோடுகள் இடம் மாறலாம், எழுத்து கட்டத்தை விட்டு வெளியே வரலாம். சரிசெய்யும் நேரம்தான் இங்கே சுமைகூலி. ஆனால் மாதம் நாலைந்து படம் போடுபவருக்கு அது மிகச் சிறிய கூலி.

"எதற்கு இவ்வளவு யோசனை? கள்ள நகல் ஒன்றைப் போட்டால் முடிந்தது" என்று சொல்பவர்களும் உண்டு. இலவசமாகவே நல்ல மென்பொருள் கிடைக்கும்போது, திருட்டு நகலுக்கு ஏழ்மையைக் காரணம் காட்ட முடியாது. அதுவும் மற்றவர்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆபீஸில்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அப்படியானால் மாறவே கூடாதா? மாற வேண்டிய சந்தர்ப்பங்கள் நிச்சயம் உண்டு. எக்செல் பட்டியலில் எண் மாறினால் படத்திலும் மாற வேண்டும் என்ற வேலையைத் தினமும் செய்பவருக்குப் புரொஃபஷனல் பதிப்பு கொடுத்த காசைத் திருப்பித் தந்துவிடும். வாரந்தோறும் வாடிக்கையாளருடன் விசியோ கோப்புகளைக் கொடுத்து வாங்கித் திருத்துபவருக்கும் அப்படித்தான்.

இன்னொரு காரணத்தைத் தள்ளிப்போட முடியாது. விசியோ 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. 2021 பதிப்புக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 அக்டோபர் 13. அதன் பிறகும் மென்பொருள் ஓடும். ஆனால் வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும் ஆபீஸில், திருத்தம் வராத மென்பொருளை வைத்திருப்பது பூட்டு இல்லாத பீரோவில் பத்திரங்களை வைப்பது போல. ஆகவே நம் ஆடிட்டர் 2016-ஐ விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதை விடுவதும் புதிய விசியோவை வாங்குவதும் ஒன்றல்ல! விற்பவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருகிறார். வாங்குபவர்தான் முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

அவர் செய்ய வேண்டியது எளிது. கடந்த ஒரு வருடத்தில் வரைந்த படங்களை எடுத்து, அதில் மிகச் சிக்கலான மூன்றை இலவச மென்பொருளில் திறந்து பார்க்கட்டும். சரியாக வந்தால் அங்கேயே மாறிவிடலாம். வரவில்லையென்றால், அந்த வேலையைச் செய்யும் ஒருவருக்கு மட்டும் உரிமம் வாங்கினால் போதும். ஆறு பேருக்கும் வேண்டாம். பழைய படங்கள் அனைத்தையும் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டால், நாளை எந்த மென்பொருள் போனாலும் படம் போகாது.

கில்பிரெத் தம்பதியர் படம் போட்டது, வேலையில் தேவையில்லாத படிகளைக் கண்டுபிடித்து நீக்குவதற்காக. அந்தப் படத்தைப் போடும் மென்பொருளை வாங்குவதிலேயே தேவையில்லாத படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் ஒரு தாளில், பென்சிலால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சாய்சதுரத்துக்குள் ஒரே கேள்வி எழுதினால் போதும்: "இப்போது இருப்பதால் எந்த வேலை நின்றுபோனது?" பதில் இல்லையென்றால், அம்புக்குறி கடைப்பக்கம் போக வேண்டியதில்லை.