தொப்புள்கொடியில் இருந்த கணக்கு

நம்மூரில் குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கட்டிவிடுவார்கள். ஜப்பானில் சின்ன மரப்பெட்டியில் போட்டுப் பிள்ளை வளர்ந்த பிறகும் பத்திரமாக வைத்திருப்பார்கள். மினமாட்டா விஷயத்தில் அந்தப் பெட்டிகளே சாட்சி சொல்லின.

கியூஷு தீவிலிருக்கும் மினமாட்டாவில் சிஸ்ஸோ கம்பெனி 1932 முதல் 1968 வரை பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதில் உண்டான மீதைல் பாதரசம் கழிவோடு கடலுக்குப் போய் மீனிலும் சிப்பியிலும் ஏறியது. பூனைகள் தள்ளாடித் தள்ளாடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்கும் கைகால் மரத்தது, பக்கவாட்டுப் பார்வை போயிற்று, நாக்குக் குழறியது. 1956 மே மாதம்தான் இதை ஒரு நோய் என்று பதிவு செய்தார்கள்.

மசாஸுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே தள்ளாட்டம். ஆனால் பெரியவனுக்கு மட்டும்தான் மினமாட்டா நோய் என்று எழுதியிருந்தார்கள். சின்னவன் பிறவியிலேயே இப்படி, மீனே தின்றதில்லை, அதனால் இது வேறு நோயாம். ‘மீன் தின்றது நான்தானே, விஷம் வயிற்றுப் பிள்ளைக்குப் போயிருக்கும்’ என்றாள் அம்மா. கருவை விஷம் அண்டாது என்று படித்த டாக்டர்களைவிட அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மீதைல் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, மெத்தியோனின் என்கிற சத்தின் வேஷத்தில் வரும். நஞ்சுக்கொடியும் உணவென்று நம்பி உள்ளே விட்டுவிடும். தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட சிசுவின் ரத்தத்தில் அது கூடுதலாகவே சேரும். தாய்க்கு லேசான மரமரப்பு. பிள்ளைக்குத் தலை நிற்காது. 1962இல் இப்படி 16 குழந்தைகளின் நோயை அதிகாரபூர்வமாக ஏற்றார்கள். ஹராடா பின்னாளில் பெட்டிகளில் இருந்த கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதிக்கக் கொடுத்தார். ஆலையில் உற்பத்தி கூடிய வருடங்களில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் கூடியிருந்தது.

கம்பெனிக்கு இது தெரியாதா? அதன் மருத்துவர் ஹஜிமே ஹோசோகாவா ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து கொடுத்த 400ஆம் எண் பூனைக்கு 1959 அக்டோபரிலேயே அதே நோய் வந்தது. விஷயம் வெளியே போகவில்லை. அந்த டிசம்பரில் நோயாளிகளுக்கு ‘அனுதாபப் பணம்’ என்று கொஞ்சம் கொடுத்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. குற்றமற்றவன் எதற்கு அப்படி ஒரு வரியை எழுதிக்கொள்கிறான்? நோயாளிகள் போட்ட வழக்கில் ஹோசோகாவா 1970இல் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடி பூனையைப் பற்றிச் சாட்சி சொன்னார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது.