கரும்பைக் காக்கும் அரை மில்லிமீட்டர் குளவி.. விழுப்புரம் விவசாயிகள் கட்டும் கருப்பு அட்டைக்குள் என்ன இருக்கு?

முண்டியம்பாக்கம், பெரியசெவலை பக்கம் கரும்பு போட்டவர்களுக்கு இந்த அட்டையைத் தெரிந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். மேலே கருப்பாக ஒட்டியிருப்பது தூள் இல்லை, முட்டைகள். ஒரு சிசி அட்டையில் சுமார் 20,000 முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே, வெளியே வரக் காத்திருக்கிறது ஒரு குளவி. அதன் நீளம் அரை மில்லிமீட்டர்தான். பெயர் டிரைக்கோகிரம்மா.

குளவி என்றதும் கொட்டும் என பயப்பட வேண்டாம். இது மனிதரைக் கொட்டாது, பயிரையும் கடிக்காது. அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும், அவ்வளவுதான் இதன் வேலை. உள்ளே பொரிக்கும் குளவிப் புழு அந்த முட்டையையே தின்று வளரும். புழு வெளியே வர வேண்டிய இடத்தில் இன்னொரு குளவி வரும்.

கரும்பில் இது ஏன் முக்கியம்? இடைக்கணுப்புழு ஒருமுறை கரும்புக்குள் துளைத்துப் போய்விட்டால், வெளியே எவ்வளவு மருந்து அடித்தாலும் அதன் மேல் படாது. கணுக்களுக்கு நடுவே உட்கார்ந்து குடைந்துகொண்டே இருக்கும். எடையும் போகும், சாறும் போகும். ஆக, அது முட்டையாக இலையில் இருக்கும் சில நாட்களில்தான் பிடிக்க முடியும். அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இப்படி இருக்கிறது: நான்காவது மாதத்தில் இருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 சிசி வீதம், மொத்தம் 6 முறை அட்டை கட்ட வேண்டும். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு முறையும் 1 சிசி.

இந்தக் குளவியை வளர்ப்பது எப்படி என்று கேட்டால் நம்ம ஊர் சமையலறையே நினைவுக்கு வரும். உடைத்த கம்பு, அதோடு கொஞ்சம் மல்லாட்டைப் பருப்புப் பொடி. இதில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அது இடும் முட்டைகளைச் சலித்து எடுத்து, புற ஊதா விளக்கில் வைப்பார்கள். முட்டைக்குள் இருக்கும் கரு செத்துவிடும். அதை அட்டையில் ஒட்டி, குளவிகள் இருக்கும் பையில் போட்டால் மூன்று, நான்கு நாளில் முட்டை கருப்பாகும். கருப்பு நிறம் வந்தாலே உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம்.

எந்தக் குளவி என்பதே பெரிய சிக்கல்

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. டிரைக்கோகிரம்மா என்பது ஒரே பூச்சி இல்லை, பல இனங்கள் கொண்ட குடும்பப் பெயர் மாதிரி. கரும்பு இடைக்கணுப்புழுவுக்கும், நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் பயன்படுவது கைலோனிஸ். நெல் தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிகம். மாற்றி விட்டால் காசும் நாளும் வீண். ஆனால் இவை நெருங்கிய சொந்தங்கள், நுண்ணோக்கியில் பார்த்தாலே குழப்பும். பல நாடுகளில் வெவ்வேறு இனங்களை ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு வழி காட்டியவர்கள் பெங்களூருவில் இருந்த இரண்டு பேர். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையத்தில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும், ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்து இனத்தைப் பிரிக்கலாம் என்று 1971-ல் வெளியான கட்டுரையில் காட்டினார்கள். அரை மில்லிமீட்டர் பூச்சியின் அந்த ஒரு உறுப்பை கண்ணாடித் தகட்டில் வைத்து வரைய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்க. உலகம் முழுக்க டிரைக்கோகிரம்மா ஆய்வாளர்கள் இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள்.

இதைவிடச் சின்னது இருக்கா?

இருக்கு. டிரைக்கோகிரம்மா இந்த உலகத்தில் பெரிய ஆள். 'தேவதை ஈ' என்று அழைக்கப்படும் குடும்பத்தில் ஹவாய் தீவுகளில் கண்டறியப்பட்டு 2000-ல் பெயர் சூட்டப்பட்ட கிகிகி ஹூனா, 0.16 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. அமெரிக்காவின் இல்லினாயில் கிடைத்து 1997-ல் பதிவான இன்னொரு இனத்தில் ஆண் 0.139 மில்லிமீட்டர்தான். அதற்குக் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. (பெயரில்தான் ஈ. இவையும் குளவிகளே.)

மெகாஃபிராக்மா என்ற குளவி இன்னும் ஆச்சரியம். 0.2 மில்லிமீட்டர் நீளம், ஒரே செல் உள்ள பாரமீசியம் அளவு. இலைப்பேனின் முட்டைக்குள் வளர்ந்து வருவது. தேனீயின் மூளையில் 10 லட்சம் நரம்பணுக்கள் என்றால், இதன் உடம்பு முழுக்கச் சேர்த்தே சுமார் 7,400. அதிலும் பெரும்பாலானவற்றில் உட்கருவே கிடையாது, இடம் போதாமல் அதையும் உதறிவிட்டு வளர்கிறது என்று மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸி போலிலோவ் 2012-ல் காட்டினார். அப்படியும் பறக்கிறது, முட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தள்ள முடியாது. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். மாணிக்கவாசகமும் அவரது மாணவர்களும் தேவதை ஈ குடும்பத்தில் புதிய இனங்களை அறிவியலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இலைப்பேன்களையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் சென்னை லயோலா கல்லூரியின் டி.என். அனந்தகிருஷ்ணன். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டிஎம்வி ரக மல்லாட்டை போட்டவர்கள் இலைப்பேனோடு மல்லுக்கட்டியே இருப்பார்கள். அந்த டிஎம்வி, திண்டிவனத்தின் சுருக்கம்தான்.

இந்தப் பூச்சிகளைப் பிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வயலில் வைத்தால், நிறத்துக்கு மயங்கி வந்து விழும். கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொன்றாகப் பிரித்து, தகட்டில் பதித்து, ஏற்கெனவே பதிவான இனங்களோடு ஒப்பிட வேண்டும். சம்பளமும் புகழும் குறைவான இந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் குறைந்தால், அட்டையில் இருப்பது சரியான குளவிதானா என்று சொல்லவே ஆள் இருக்காது.

இன்னொரு சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. 'முட்டை ஒட்டுண்ணி' என்று அச்சடித்துக் கொடுத்தால், ஒட்டுண்ணி என்ற சொல்லுக்கே பயப்படும் நம்ம ஆட்கள் அதற்கும் மருந்து அடிக்கத்தானே பார்ப்பார்கள்? 'முட்டைக் குளவி' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அட்டை கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது

சின்னத் துண்டுகளாக வெட்டி, இலையின் அடிப்புறத்தில், காலை வேளையில் கட்டுங்கள். மழை நேரத்தில் வேண்டாம். எறும்பு ஏறும் இடத்தைத் தவிர்க்கவும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது பூச்சிமருந்து அடிக்காதீர்கள், முதலில் சாவது இந்தக் குளவிதான். அட்டையை வாங்கியதும் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கருப்பு முட்டைகளில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை தெரிந்தால், குளவிகள் பஸ்ஸிலேயே பறந்துவிட்டன. வேறு அட்டை கேளுங்கள்.