விற்பது அறிவா, கூவலா?

அடுத்தவர் பொருளை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். 1996-ல் அமேசான் தொடங்கிய திட்டத்தில் இன்று அச்சுப் புத்தகத்துக்கு ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய கிளிக்பேங்கிலோ மின்நூலுக்கு 75 சதவீதம் சர்வசாதாரணம்! நகலெடுக்கச் செலவே இல்லையே, கட்டுப்படியாகும். அதில் தப்பில்லை.

ஆனால் இவர்களில் பலரின் ‘சந்தை ஆய்வு’ என்ன? "தொப்பை குறைய", "கடன் தீர" என்று கூகுளில் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எண்ணுவது. வலி எங்கே என்று பார்க்கிறார்களே தவிர, மருந்து கேட்குமா என்று பார்ப்பதில்லை. பிறகு, படிக்காத நூலுக்கு ஐந்து நட்சத்திர விமர்சனம்!

கமிஷன் வாங்கினால் அதை வெளியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்.டி.சி. ஆணையம் 2009-ல் வலியுறுத்தியது சும்மாவா? நூறு டாலரில் எழுபத்தைந்து கூவியவனுக்கு என்றால், வாங்கியவன் காசு கொடுத்தது எதற்கு?