குருவுக்குக் கும்பிடு! கூலிக்கு நாமம்!!

வருஷந்தோறும் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி நம் நாட்டில் உபாத்தியாயர்களுக்கு ஒரு பூசை நடக்கின்றது. அன்று ஒரு நாள் மட்டும் அவர்கள் தெய்வம் என்றும், விளக்கு என்றும், ஏணி என்றும் புகழப்படுகிறார்கள். மாலை விழுகிறது, சால்வை விழுகிறது. நம் குடியானவர்கள் ஆயுத பூசையன்று கோடரிக்குச் சந்தனம் பூசிப் பொட்டிட்டுக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே கோடரியைக் கொண்டு விறகு பிளக்கிறார்கள். கோடரிக்குச் சம்பளம் கிடையாது; லீவு கிடையாது; தேய்ந்தால் மூலையில் எறிவார்கள். உபாத்தியாயருக்குச் செய்யப்படும் பூசையும் இந்த ஆயுத பூசைதான் என்பதற்கு நம்மிடம் ஓர் அத்தாட்சி வந்து சேர்ந்திருக்கின்றது.

அது ஓர் ஒப்பந்தப் பத்திரம். நம் இயக்கத் தோழர் ஒருவரின் மகள், கணிதத்தில் பட்டம் பெற்றவர், வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் மூலம் வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பேனாவால் கையெழுத்துக்கூடப் போடவில்லை. போனில் ‘சம்மதம்’ என்ற இடத்தை விரலால் தொட்டதோடு சரி. பதினான்கு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். ஓராண்டு கழித்து விலகப் பார்த்தபோதுதான் தாம் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரிந்து, அதை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல; அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு அதைப் படித்தோம். அதன் சாரம் வருமாறு:

1. அவர் நடத்தும் பாடங்களின் பதிவும், குறிப்பும், கேள்வித்தாளும் என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும் கம்பெனிக்கே சொந்தம்.

2. அவருடைய முகத்தையும் குரலையும் எந்த இயந்திரத்தைக் கொண்டும் மாற்றிக் கம்பெனி பயன்படுத்திக்கொள்ளலாம்.

3. அவர் கம்பெனியின் சிப்பந்தி அல்ல, சுயேச்சையான ஒப்பந்தக்காரர். ஆகவே சேமநிதி, லீவு எதுவும் இல்லை. பிள்ளை வந்து பாடம் நடந்தால் காசு, வராவிட்டால் இல்லை.

4. 18 மாதத்திற்கு முன் விலகினால் அபராதம். விலகிய பின் ஓராண்டு வேறு எங்கும் இதுபோல் பாடம் சொல்லக்கூடாது.

5. தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் நடுவர் சொல்வதே தீர்ப்பு.

6. மேற்படி ஷரத்துகளைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

இதற்கு ஒப்பந்தம் என்று பெயராம்! இருவர் ஒப்புவதுதான் ஒப்பந்தம். ஒருவன் எழுதி, அவனே மாற்றி, அவனே தீர்ப்பும் சொல்வதற்கு நம் பெரியவர்கள் அடிமைச் சீட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதலாவது ஷரத்தையும் மூன்றாவது ஷரத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 1957-ம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒரு சிப்பந்தி தன் உத்தியோகத்தில் செய்த படைப்புக்கு முதல் சொந்தக்காரர் எஜமானரே. சரி, அப்படியானால் சிப்பந்திக்கு உரிய சேமநிதியையும் லீவையும் கொடு என்றால், ‘நீ சிப்பந்தியே அல்ல’ என்கிறார்கள். சிப்பந்தி அல்ல என்றால் பாடம் சொன்னவருக்கே சொந்தமாக வேண்டுமே என்றால், ‘அதைத்தான் எழுதி வாங்கிவிட்டோமே’ என்கிறார்கள். மொய் வாங்கும்போது சொந்தக்காரன், பந்தியில் உட்காரும்போது அன்னியன் என்கிற கதை இதுதான்.

‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று ஏன் அவ்வளவு கவலையோடு எழுதுகிறார்கள் தெரியுமா? அதே சட்டத்தின் 19-வது பிரிவில், உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் பலவீனனுக்கு வைத்த அந்தச் சிறிய வேலியை இரண்டு வார்த்தைகளால் பிடுங்கி எறிகிறார்கள். அன்றியும், அச்சட்டம் ‘நிகழ்த்துவோர்’ என்று கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரோடு பிரசங்கம் செய்பவரையும் சேர்த்திருக்கிறது. நிகழ்ச்சியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்றும், அதைச் சிதைத்துக் கெட்ட பெயர் உண்டாக்கினால் தடுக்கலாம் என்றும் 2012-ம் வருஷத் திருத்தத்தில் சொல்லியிருக்கிறது. பாம்பாட்டிக்கு உள்ள உரிமைகூட நமக்கு உண்டென்று எத்தனை உபாத்தியாயர்களுக்குத் தெரியும்?

நாலாவது ஷரத்தைப் பாருங்கள். 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, விலகிய ஒருவரைத் தம் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஷரத்து செல்லாது. 74-வது பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்ட ஈட்டுக்கு மேல் கிடைக்காது. அய்ந்தாவது ஷரத்தும் அப்படியே. வழக்கின் பலனில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தானே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாயிற்று. செல்லாது என்று தெரிந்தும் ஏன் எழுதுகிறார்கள்? நரகத்தைப் புரோகிதன் எதற்காகச் சொல்லுகிறானோ அதற்காகத்தான்! எண்ணெய்க் கொப்பரை எங்கும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கேட்பவன் பயப்படுகிற வரையில் தட்சிணை வருகிறது, அவ்வளவுதான்.

நிற்க. கம்பெனிக்காரன் லாபத்துக்காக எழுதுகிறான். அது அவன் தொழில். நாட்டின் சட்டமும் கோர்ட்டும் உபாத்தியாயர்களை என்னவென்று நினைத்தன என்பதைப் பார்ப்போம். 1947-ம் வருஷத்திய தொழில் தகராறு சட்டத்தின்படி உபாத்தியாயர் ‘தொழிலாளி’ அல்ல என்று 1988-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. காரணம் என்ன? கல்வி போதிப்பது உடல் உழைப்போ, குமாஸ்தா வேலையோ அல்லவாம். அது ஒரு உன்னதமான தொண்டாம்! கையால் செய்வது தாழ்வு, வாயால் சொல்வது உயர்வு என்கிற பழைய வருணாசிரம வாசனைதான் இதில் அடிக்கிறது. ஆனால் இம்முறை அந்த உயர்வு உயர்த்தப்பட்டவனின் வயிற்றிலேயே அடித்திருக்கிறது.

2004-இல், கிராஜூட்டிச் சட்டத்தின்படியும் உபாத்தியாயர் ‘ஊழியர்’ அல்ல என்று அதே கோர்ட்டு சொன்னது. அதன்பின் 2009-இல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே உபாத்தியாயர்களுக்கும் கிராஜூட்டி உண்டு என்றது. தனியார் பள்ளிக்கூடத்தார் எதிர்த்து வழக்காடியும், 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்திருத்தம் செல்லும் என்றது. ஆகவே, உன்னதத் தொண்டு என்பது வேதவாக்கல்ல. ஒரு திருத்தத்தால் தீரக்கூடிய விஷயமே என்பது விளங்கவில்லையா?

ஆனால் வேலை முடியவில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் போய்த் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் பத்திரிகைத் தொழிலாளரைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். விற்பனை வளர்ச்சி ஊழியரைச் சேர்த்திருக்கிறார்கள். உபாத்தியாயர் என்ற பெயர் அங்கே இல்லை!

‘பெயரில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லுகிறோம். ஆன்லைன் பாடம் விற்றுப் பெரிதாக வளர்ந்த பைஜூஸ் கம்பெனியே 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. 2016-ம் வருஷத்திய திவால் சட்டத்தின் 53-வது பிரிவின்படி, ஒரு கம்பெனியைக் கலைத்துப் பணத்தைப் பங்கிடும்போது, ‘தொழிலாளி’யின் 24 மாதச் சம்பள பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த பாங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். தொழிலாளி அல்லாத சிப்பந்திக்கு 12 மாத பாக்கி மட்டுமே. அதுவும் அடுத்த வரிசையில். சிப்பந்தியே அல்ல என்று எழுதிக் கொடுத்தவர் அதற்கும் கீழே. அந்த வரிசைக்குப் பணம் வந்து சேருமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய பாடப் பதிவுகள் மட்டும் கம்பெனியின் சொத்தாகக் கருதப்பட்டு ஏலத்துக்குப் போகும்! பெயரில் என்ன இருக்கிறது என்பது இப்போது தெரிகிறதா?

செத்தவர்கள் பேசுவார்கள் என்றால் நாம் சிரிப்பவர்கள். ஆனால் கனடா தேசத்தில் மான்ட்ரீல் நகரத்துக் கன்கோர்டியா யூனிவர்சிட்டியில், ஆன்லைனில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் 2021 ஜனவரியில் தம் பேராசிரியருக்குக் கடிதம் எழுத எண்ணி முகவரி தேடினார். கண்டது முகவரியல்ல, மரணச் செய்தி. அந்தப் பேராசிரியர் 2019-லேயே இறந்துவிட்டார். பதிவு மட்டும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. அறிவு அழியாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் செத்தவருக்குச் சம்பள உயர்வு வேண்டாம், பிரசவ லீவு வேண்டாம், சங்கம் வேண்டாம். இப்படிப்பட்ட ஒரு உபாத்தியாயர் முதலாளிக்குக் கிடைத்தால் உயிருள்ளவரை அவன் ஏன் தேடுவான்?

‘காமிரா எங்களுடையது, விளம்பரம் எங்களுடையது, கூலி கொடுத்துவிட்டோம். வீடு கட்டிய கொத்தனார் வாடகையில் பங்கு கேட்கிறாரா?’ என்கிறார்கள். கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் அவர் கட்டிய வீடு, மறுநாள் கரண்டியை எடுத்துக்கொண்டு அவருக்கே போட்டியாக வேலைக்குப் போவதில்லை. உபாத்தியாயரின் பதிவோ அவர் முகத்தோடும் குரலோடும் அடுத்த வருஷம் அவருடைய வேலையையே பறிக்கிறது. ஆகவே அன்றைய கூலியோடு கணக்குத் தீர்ந்தது என்பது அயோக்கியத்தனமான வாதமாகும்.

நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. ஓரிடத்தில் இருந்தபடியே பல இடத்து மக்களுக்குக் கல்வி கொடுக்கும் காலம் வரும் என்று பெரியார் 1940-களிலேயே ‘இனிவரும் உலகம்’ என்ற நூலில் எழுதினார். அது வந்துவிட்டது. சேரியில் இருக்கும் பிள்ளைக்குப் போன் வழியாகப் பாடம் வருவதை எந்த அக்கிரகாரமும் தடுக்க முடியாது. இதைவிட நமக்கு வேறு சந்தோஷம் என்ன? ஆனால் பாடம் சொல்லும் பெண்ணின் குரலைத் திருடித்தான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டுமா என்பதே நம் கேள்வி.

உபாத்தியாயத் தோழர்களே! குற்றம் உங்களிடமும் இருக்கிறது. ‘தொழிலாளி’ என்றால் உங்களுக்குக் கூச்சம். ‘குரு’ என்றால் குளிர்ச்சி. குரு என்று புராணம் கொண்டாடும் துரோணனும் அரண்மனைச் சோறு தின்ற சம்பளக்காரன்தானே? அந்த எஜமான விசுவாசத்துக்காகத்தானே ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டான்? இன்று காலம் மாறி, எஜமானன் குருவின் முகத்தையும் நாக்கையுமே தட்சிணையாகக் கேட்கிறான். நீங்களும் விரலால் தொட்டுக் கொடுத்துவிட்டு, செப்டம்பர் 5-ந் தேதி மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறீர்கள்!

இனி என்ன கேட்க வேண்டும்? ஒப்பந்தம் தமிழிலும் வேண்டும். கையெழுத்துக்கு முன் படிக்க நாள் வேண்டும். பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும். பதிவுக்கு இத்தனை ஆண்டு என்று காலம் குறிக்க வேண்டும். அது விற்கும்போதெல்லாம் பங்கு வேண்டும். தனியாக எழுதிக் கொடுத்தாலன்றி முகத்தையும் குரலையும் தொடக்கூடாது. ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் உபாத்தியாயர் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். தனியாகக் கேட்டால் நடக்காது, சங்கமாகக் கேளுங்கள். பெற்றோர்களும், கட்டணம் கட்டுமுன், ‘சொல்லிக்கொடுக்கிறவருக்கு என்ன கொடுக்கிறாய்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த செப்டம்பர் 5-ந் தேதி யாராவது மாலையோடு வந்தால், ‘மாலை இருக்கட்டும் அய்யா, அந்தப் பத்திரத்தை எடுங்கள்’ என்று சொல்லும் உபாத்தியாயரே சுயமரியாதை உள்ளவராவார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவே முதல் பாடமாகவும் இருக்கும்.