மேயருக்கு அங்கி, ஆணையருக்கு அதிகாரம்

புது தில்லி: தில்லியின் பழைய ராஜிந்தர் நகர், தமிழக இளைஞர்கள் பலருக்கும் அறிமுகமான பகுதி. குடிமைப் பணித் தேர்வு எழுதும் கனவோடு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருவோர் அங்கு தங்கிப் பயில்கின்றனர். 2024 ஜூலை 27-ஆம் தேதி மாலை பெய்த மழையில், அங்குள்ள ஒரு பயிற்சி மையத்தின் தரைக்கீழ்த் தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. நூலகமாகப் பயன்படுத்தப்பட்டு வந்த அந்தத் தளத்தில் படித்துக் கொண்டிருந்த 3 பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். பொருள்களைச் சேமித்து வைப்பதற்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்த தளம் அது.

விபத்து நடந்த இரண்டொரு நாள்களில் மாநகராட்சி நடவடிக்கை எடுத்தது. ஓர் இளநிலைப் பொறியாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓர் உதவிப் பொறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தேங்கிய வெள்ளத்தில் காரை ஓட்டிச் சென்ற ஒருவரைக்கூடக் காவல் துறை கைது செய்தது. தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்ததோடு, 2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

அந்த விசாரணையின்போது நீதிமன்றத்தில் வெளிப்பட்ட ஒரு செய்தி, விபத்தைவிடப் பெரிய கேள்வியை எழுப்பியது. 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட எந்தத் திட்டத்துக்கும் அப்போது மாநகராட்சியின் நிலைக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டியிருந்தது. ஆனால், அந்த நிலைக்குழுவே அப்போது இல்லை. மழைநீர் வடிகாலைச் சீரமைக்க வேண்டியது யார் பொறுப்பு, அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது யார், ஒதுக்கவில்லையென்றால் யாரைக் கேட்பது என்ற கேள்விகளுக்கு நாட்டின் தலைநகரிலேயே தெளிவான விடை இல்லை.

மூன்று அதிகார மையங்கள்

1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தின்படி, 1958 ஏப்ரலில் தில்லி மாநகராட்சி அமைக்கப்பட்டது. இதன் அடிப்படை வடிவம் 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தை ஒத்தது. கொள்கை வகுப்பதும் வரவு-செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பதும் மாமன்றத்தின் பணி. பெரிய ஒப்பந்தங்களுக்கும் செலவினங்களுக்கும் அனுமதி அளிப்பது நிலைக்குழுவின் பணி. நிர்வாக அதிகாரம் முழுவதும் ஆணையருக்கு உரியது.

இந்தப் பங்கீட்டில் மேயரின் இடம் எது? அவர் மாமன்றக் கூட்டங்களுக்குத் தலைமை வகிக்கிறார். அவரது பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. முதலாமாண்டு பெண் உறுப்பினருக்கும், மூன்றாமாண்டு தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உறுப்பினருக்கும் அப்பதவி ஒதுக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்குள் துறைகளின் பெயர்களை அறிந்து கொள்வதற்கே நேரம் போதாது. ஆணையரோ மத்திய அரசால் நியமிக்கப்படும் அதிகாரி. 2022-இல் கொண்டு வரப்பட்ட சட்டத் திருத்தம், மாநகராட்சி தொடர்பாகத் தில்லி அரசிடம் இருந்த பல அதிகாரங்களை மத்திய அரசுக்கு மாற்றிவிட்டது.

ஆக, வாக்காளர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினருக்கு நிர்வாக அதிகாரம் இல்லை. நிர்வாக அதிகாரம் உள்ள ஆணையருக்கு வாக்காளரிடம் பதில் கூற வேண்டிய கடமை இல்லை. இந்த இருவருக்கும் இடையே பாலமாக இருக்க வேண்டியது நிலைக்குழு. தில்லியில் அந்தப் பாலம் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டப்படாமலேயே கிடந்தது.

நிலைக்குழு முடங்கிய கதை

2012-இல் தில்லி மாநகராட்சி வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வருவாய் குறைந்த வடக்கு, கிழக்கு மாநகராட்சிகளில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வழங்க முடியாத நிலை ஏற்பட்டது, வேலைநிறுத்தங்களும் நடந்தன. 2022 மே மாதம் மூன்றும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. தேர்தல் நடக்கும்வரை சிறப்பு அதிகாரி ஒருவர் மாமன்றத்தின் அதிகாரங்களைக் கையாண்டார்.

2022 டிசம்பரில் 250 வார்டுகளுக்கு நடந்த தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி 134 இடங்களிலும், பாரதிய ஜனதா கட்சி 104 இடங்களிலும், காங்கிரஸ் 9 இடங்களிலும் வென்றன. முடிவு தெளிவாகவே இருந்தது. எனினும் மேயரைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. துணைநிலை ஆளுநர் நியமித்த 10 உறுப்பினர்கள் வாக்களிக்கலாமா என்பதில் எழுந்த மோதலால் மாமன்றக் கூட்டம் மூன்று முறை அமளியில் முடிந்தது. மாநகராட்சி நிர்வாகத்தில் அனுபவமும் சிறப்பறிவும் உள்ளவர்கள் என்பதற்காக நியமிக்கப்படுவோருக்கு மாமன்றக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவு கூறுகிறது. 2023 பிப்ரவரி 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்த பிறகே, பிப்ரவரி 22-இல் மேயர் தேர்வானார்.

நிலைக்குழுவின் கதை இதைவிட நீண்டது. அதன் 18 உறுப்பினர்களில் 6 பேரை மாமன்றமும், 12 பேரை மண்டல வார்டுக் குழுக்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பு 2023 பிப்ரவரி 24-இல் கைகலப்பில் முடிந்தது. மறுவாக்கெடுப்புக்கு மேயர் பிறப்பித்த உத்தரவைத் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் ரத்து செய்தது. மண்டலக் குழுக்களில் நியமன உறுப்பினர்கள் வாக்களிக்க முடியும் என்பதால், அவர்களை நியமிக்கும் உரிமை தில்லி அரசுக்கா, துணைநிலை ஆளுநருக்கா என்ற வழக்கு முக்கியத்துவம் பெற்றது. 2023 மே மாதம் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு, 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் வெளிவந்தது. அமைச்சரவையின் ஆலோசனையின்றியே துணைநிலை ஆளுநர் நியமிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ராஜிந்தர் நகர் விபத்து நடந்து 9 நாள்களுக்குப் பின்னர் வந்த தீர்ப்பு அது.

பின்னர் மண்டலத் தேர்தல்கள் நடந்தன. நிலைக்குழுவில் காலியான ஓர் இடத்துக்கு 2024 செப்டம்பர் 27-இல் நடத்தப்பட்ட தேர்தலும் நீதிமன்றப் படியேறியது. துணைநிலை ஆளுநர் அதில் காட்டிய அவசரத்தை உச்ச நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்கியது. 2025 ஏப்ரலில் மேயர் பதவி பாஜக வசமான பிறகு, ஜூன் மாதம்தான் நிலைக்குழுத் தலைவர் தேர்வானார்.

இந்த முடக்கத்துக்கு ஒரு தரப்பை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பெரும்பான்மை பெற்ற கட்சி, நிலைக்குழு கைநழுவிப் போய்விடும் என்ற அச்சத்தில் நடந்து கொண்டது. எதிர்க்கட்சியோ, வாக்குப்பெட்டியில் கிடைக்காததை நியமனத்தின் வழியே பெற முயன்றது. நாளொன்றுக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேரும் ஒரு நகரத்தில், காஜிப்பூரிலும் பல்ஸ்வாவிலும் குப்பை மலைகள் நின்று கொண்டிருக்க, அந்தப் பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டிய குழுவே இல்லாமல் மூன்று ஆண்டுகள் கழிந்தன.

தில்லியோடு முடிவதில்லை

தில்லியின் அரசியல் சிக்கல் தனித்தன்மை உடையது என்று கூறி இதனை ஒதுக்கிவிட முடியாது. மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை தொடர்பான வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போய், 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆணையரே தனி அதிகாரியாகவும் இருந்தார். மாமன்றத்தின் அதிகாரமும் நிலைக்குழுவின் அதிகாரமும் அவரிடமே குவிந்தன. 2025-26-ஆம் ஆண்டுக்கான மும்பை மாநகராட்சியின் வரவு-செலவுத் திட்டம் 74 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதனைத் தயாரித்தவரும் ஆணையர். அதற்கு ஒப்புதல் அளித்தவரும் அவரே. 1888-ஆம் ஆண்டின் சட்டம் ஆணையருக்கு எதிரே நிறுத்திவைத்த கட்டுப்பாடுகள் அனைத்தும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் செயலிழந்து கிடந்தன.

பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் அந்நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் மேல் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த மாற்றம் குறித்துக் கருத்துக் கூறத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகர உறுப்பினர் ஒருவர்கூட அப்போது இல்லை.

தமிழக வாசகர்களுக்கு இது புதிதன்று. சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இன்றி அதிகாரிகளாலேயே நிர்வகிக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னரும், 2016 முதல் 2022 வரை அதே நிலை திரும்பியது. 2015-இன் பெருவெள்ளத்துக்குப் பிந்தைய சீரமைப்புப் பணிகளில் பெரும்பகுதி நடந்த காலம் அது.

சட்டம் விட்டுவைத்த இடைவெளி

1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், மாநகராட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை உறுதி செய்தது. காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றது. இந்தக் கடமையிலிருந்து மாநிலத் தேர்தல் ஆணையங்கள் தப்ப முடியாது என்று, ஆமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வார்டு மறுவரையறை உள்ளிட்ட காரணங்களைச் சொல்லித் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆனால், அதே காரணங்கள்தான் அதன் பின்னரும் நகரத்துக்கு நகரம் கூறப்பட்டு வந்துள்ளன.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நகரத் திட்டமிடல், குடிநீர், சுகாதாரம், தீயணைப்பு உள்பட 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணை பட்டியலிடுகிறது. அவற்றை மாநகராட்சிகளுக்கு மாநிலச் சட்டப்பேரவைகள் "வழங்கலாம்" என்றுதான் 243-டபிள்யூ பிரிவு கூறுகிறது. "வழங்க வேண்டும்" என்று கூறவில்லை. மேயருக்கும் ஆணையருக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பது பற்றியும் அத்திருத்தம் மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தை மாநில அரசுகளும் மத்திய அரசும் தமக்குச் சாதகமாகவே பயன்படுத்தி வந்துள்ளன. தில்லியில் நிலம் வளர்ச்சி ஆணையத்திடமும், குடிநீர் குடிநீர் வாரியத்திடமும், பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையிடமும் உள்ளன. ஒரே தெருவில் ஓடும் வடிகாலின் ஒரு பகுதி ஒரு துறைக்கும் மறுபகுதி வேறொரு துறைக்கும் சொந்தம் என்ற நிலையில், வெள்ளம் வரும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுவது எளிதாகிவிடுகிறது.

மாற்று வழி இல்லையா?

ஆணையர் முறையை ஆதரிப்போரின் வாதத்தையும் புறக்கணிக்க இயலாது. மாமன்ற உறுப்பினர்கள் ஒப்பந்ததாரர்களோடு நெருக்கமாக இருக்கின்றனர், கட்சி மாறுகின்றனர், கூட்டங்களில் நாற்காலிகளை வீசுகின்றனர். இத்தகையோரிடம் ஆயிரக்கணக்கான கோடிகளை ஒப்படைக்கலாமா என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்டோர் எவருமே இல்லாத ஆண்டுகளில் வடிகால்கள் தூர்வாரப்பட்டுவிடவில்லை. குப்பை மலைகள் கரைந்துவிடவும் இல்லை. தவறு செய்த உறுப்பினரை ஐந்தாண்டுகளில் வாக்காளர் வெளியேற்ற முடியும். ஈராண்டில் வேறு பணிக்கு மாறிச் செல்லும் அதிகாரியை அவர் என்ன செய்ய முடியும்?

நாட்டிலேயே மாற்று முன்மாதிரிகள் உள்ளன. 1980-ஆம் ஆண்டின் கொல்கத்தா மாநகராட்சிச் சட்டம், மேயரின் தலைமையில் அமைச்சரவை போன்ற ஒரு குழுவை ஏற்படுத்தி, ஆணையரை மேயரின் மேற்பார்வையின்கீழ் கொண்டு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், உள்ளாட்சி குறித்த தனது 2007-ஆம் ஆண்டு அறிக்கையில், மேயரே மாநகராட்சியின் தலைமை நிர்வாகியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆணையர் அவருக்கு உதவுபவராக இருக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து.

இந்த முறைகள் குறையற்றவை அல்ல. மேயர் ஒரு கட்சியையும் மாமன்றப் பெரும்பான்மை வேறொரு கட்சியையும் சேர்ந்திருந்தால் முட்டுக்கட்டை ஏற்படக்கூடும். எனினும், நகரம் வெள்ளத்தில் மூழ்கும்போது யாரிடம் விளக்கம் கேட்பது என்பதில் அங்கு ஐயம் இருக்காது.

தில்லிக்குத் தேவையானவை மூன்று. மேயரின் பதவிக்காலம் மாமன்றத்தின் காலத்துக்கு இணையாக ஐந்தாண்டுகளாக வேண்டும். ஆணையர் மேயரின் மேற்பார்வையில் இயங்க வேண்டும். அதே நேரத்தில் சட்டத்துக்குப் புறம்பான உத்தரவை எழுத்து மூலம் மறுக்கும் பாதுகாப்பும் அவருக்கு வேண்டும். மேயர் தேர்வுக்குப் பின்னர் குறிப்பிட்ட நாள்களுக்குள் நிலைக்குழு அமைக்கப்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இவற்றைச் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. 2022-இல் மூன்று மாநகராட்சிகளை ஒன்றாக்க ஒரே கூட்டத்தொடரில் சட்டம் இயற்ற முடிந்தது என்பதை நினைவில் கொண்டால், காலம் போதவில்லை என்று யாரும் கூற முடியாது.

ராஜிந்தர் நகரில் மூவர் உயிரிழந்ததற்கு ஓர் இளநிலைப் பொறியாளர் தமது வேலையை விலையாகத் தந்தார். அவர் தவறிழைத்திருக்கலாம். ஆனால், அவருக்கு மேலே இருந்த ஏணியின் எந்தப் படியில் பொறுப்பு இருந்தது என்பதை நம் சட்டங்கள் தெளிவாகச் சொல்லாதவரை, அடுத்த மழையிலும் தண்டனை கீழ்ப்படியில் நிற்பவருக்கே கிடைக்கும்.