சேரி பாஷை என்றால் எந்த பாஷை?

போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இங்கே வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கூடவே ஏழு வயசுப் பையன். வாசலைப் பார்த்துப் பையன், "தாத்தா, நாய் உள்ள வந்துகினு இருக்குது" என்றான். அப்பன் சுள்ளென்று விழுந்தான்: "சேரிக்காரன் மாதிரி பேசாதடா." அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "எவ்ளோ பீஸ் கட்டியும் இது மட்டும் போவல சார்."

அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சேர்' என்பதிலிருந்து வந்தது சேரி. சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறை என்று பாடம் படித்தோமே, அதுதான். அந்தப் பிராமணர் ஊரில் 30 குடும்பு, 12 சேரி. அப்படியானால் அந்தச் சபையார் பேசியதும் சேரி பாஷைதானே! தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி ராஜராஜன் 400 ஆடல் மகளிரைக் குடிவைத்த இடத்துக்குத் தளிச்சேரி என்று பெயர். எல்லாருக்கும் புரிகிற பேச்சில் அமைந்த செய்யுளைச் சொல்லும்போது தொல்காப்பியம் அந்தப் பேச்சைச் சேரிமொழி என்கிறது.

உடனே, "பாத்தீங்களா சார், நல்ல வார்த்தைதானே, எதுக்குக் கோபம்?" என்று சிலர் வருவார்கள். 2023 நவம்பரில் நடிகை குஷ்பு 'சேரி மொழி' என்று எழுதி எதிர்ப்பு கிளம்பியபோது, பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்புக்குரியவர் என்று பொருள் என விளக்கம் சொன்னார். பிரான்ஸ் வரைக்கும் போகவேண்டியிருந்தது பாருங்கள்! அகராதியைப் பார்த்துக்கொண்டு யாரும் திட்டுவதில்லை. அதே பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. மற்றவர்களின் சேரிகளெல்லாம் தெரு, அக்ரஹாரம், நகர் என்று பேர் மாற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டன. ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் தலையில் மட்டும் அந்தச் சொல் நின்றது. பிறகு காலனி என்றார்கள். அதையும் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம்தான். ஆனால் டீக்கடை பெஞ்சில் "காலனிப் பசங்க" என்று இழுக்கிற அந்த இழுப்பை எந்தப் பதிவேட்டிலிருந்து நீக்குவது?

சரி, பையன் சொன்ன 'வந்துகினு'வுக்கு வருவோம். அது 'வந்துகொண்டு' என்பதன் பேச்சு வடிவம். மதுரைப் பக்கம் 'வந்துகிட்டு' என்கிறார்கள், அதுவும் அதே 'கொண்டு'தான். அவர்கள் சொன்னால் வட்டார வழக்கு என்று புத்தகம் போடுகிறோம். நாம் சொன்னால் சேரி பாஷை. இத்தனைக்கும் நம் பக்கத்தில் ஊர்த்தெரு, காலனி இரண்டிலும் 'வந்துகினு'தான். 2024 ஆகஸ்டில் நம் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியைத் திறந்தார்கள். இப்போது பஸ்ஸில் ஏறினால் எல்லா மாவட்டத்துத் தமிழும் காதில் விழுகிறது. ஒரு தமிழுக்கு மட்டும்தான் இந்தப் பட்டப்பெயர்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பிக் கேள்வி கேட்டேன். "இன்னா சார்?" என்றான். "என்ன என்று சொல். சேரி பாஷையை வீட்டோடு வைத்துக்கொள்" என்றேன். அவன் வீடு காலனியில் என்பது எனக்குத் தெரியும். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் எழுந்து நிற்பான், வாய் திறக்கமாட்டான். பத்தாவது வரை வரவில்லை.

அன்றைக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருவன்தான் போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவன். அந்த வார்த்தையை அவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்று, பையனை வைத்துக்கொண்டு நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பதிவுகளைத் தவறாமல் படிப்பவன், இதையும் படிப்பான்.